சிறு மின்சாரத்தைக் கொண்டு பம்புசெட்டு மோட்டாரை ஆளும் முறை

கடலூர் ஜில்லாவில் வீராணம் ஏரிக்கரையை அடுத்துள்ள லால்பேட்டையும் அதனைச் சூழ்ந்த கிராமங்களும் நெல்லுக்கும் வெற்றிலைக் கொடிக்கால்களுக்கும் பேர்போனவை. பத்தாம் நூற்றாண்டில் சோழ இளவரசன் இராஜாதித்தனால் வெட்டுவிக்கப் பெற்றதெனக் கூறப்படும் இவ்வேரி, கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாற்றின் வழியாக நீர் பெற்று, 40,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலங்களுக்குப் பாய்ச்சலாக இருந்து வருகிறது. ஏரியில் நீர் நிற்கும் மாதங்களில் குடியானவர்களுக்குக் கவலை குறைவு. ஆனால் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-ந் தேதியில் திறக்கப்படாத வருஷங்களிலும், கோடைக்காலத்திலும், வாய்க்கால் ஏறாத மேட்டு நிலங்களிலும் ஆழ்குழாய்க் கிணறும் அதில் இறக்கிய மின்சார மோட்டாருமே துணையாகும்.

வெற்றிலைக் கொடிக்கு நீர் பாய்ச்சுவது நுட்பமான காரியம். ஈரம் ஒரு நாளும் அறுபடலாகாது. அவ்வாறே நீர் தேங்கியும் நிற்கலாகாது. காய்ந்தால் கொடி வாடும். தேங்கினால் வேர் அழுகும். ஆகையால் சிறிது சிறிதாகவும் அடிக்கடியும் பாய்ச்ச வேண்டியிருக்கிறது. மும்முனை மின்சாரம் முறை வைத்து விடப்படும் இடங்களில் அம்முறை நள்ளிரவில் வருமாயின், குடியானவர் விளக்கொன்றைப் பிடித்துக்கொண்டு ஈர வரப்பின்மீது நடந்து சென்று, நனைந்த கையால் ஸ்டார்ட்டரைத் தொட வேண்டியதாகிறது. பாம்பினாலும் மின்சாரத்தினாலும் விளையும் உயிர்ச்சேதத்திற்கு இவ்விரவு நடையே பல சமயங்களில் காரணமாகிறது.

இத்துன்பத்தை ஒழிக்கும் பொருட்டு, மோட்டாரைத் தானாகவோ கைபேசியின் வாயிலாகவோ ஓட்டவும் நிறுத்தவும் வல்ல சிறு கருவிகள் தோன்றியுள்ளன. மகாராஷ்டிரத்தில் புனே நகரத்தைச் சேர்ந்த சந்தோஷ் ஓஸ்த்வால் என்பவர் இவ்விதம் அமைத்த 'நானோ கணேஷ்' என்னும் கருவி இந்தியாவில் முற்பட்டுப் புகழ் பெற்றவற்றுள் ஒன்றாகும். தமிழ்நாட்டு வேளாண்மைப் பொறியியல் துறையும் இத்தகைய கருவிகளுக்கு மானியம் கொடுத்து ஆதரித்திருக்கிறது. இவற்றை விலைக்கு வாங்குவோர் பலர். கிராமத்து இளைஞர்களுள் தாமே செய்து பொருத்த முயல்வோரும் சிலர். எவ்வாறாயினும், இக்கருவிக்குள் நிகழ்வது யாது, அபாயம் எவ்விடத்தில் இருக்கிறது என்பவற்றைக் குடியானவர்கள் அறிந்திருத்தல் அவசியம்.

ஐந்து வோல்ட்டும் நானூறு வோல்ட்டும்

இக்கருவிகளுக்கு மூளை போன்றது மைக்ரோகண்ட்ரோலர் எனப்படும் சில்லு. விரல் நகத்தளவே உள்ள இச்சில்லில், கணக்கிடும் பகுதியும், கட்டளைகளை நினைவில் வைக்கும் பகுதியும், வெளியுலகத்தோடு தொடர்பு கொள்ளும் கால்களும் ஒன்றாக அமைந்துள்ளன. 1970-க்குப் பிற்பட்ட வருஷங்களில் அமெரிக்காவில் தோன்றிய இச்சில்லு இப்பொழுது சில நூறு ரூபாய்க்குள் பலகையோடு கிடைக்கிறது. நேரத்தைக் கணக்கிடுதல், நிலத்தின் ஈரத்தை உணர்தல், கைபேசியிலிருந்து வரும் செய்தியை வாங்குதல் முதலியவற்றை இது செவ்வனே செய்யும்.

ஆனால் இதன் உடல் வலிமையோ மிகச் சொற்பம். இது வேலை செய்வது 5 வோல்ட்டில், அல்லது 3.3 வோல்ட்டில். இதன் ஒரு கால் கெடுதியின்றிக் கொடுக்கக்கூடிய மின்னோட்டம் பெரும்பாலும் 20 மில்லி ஆம்பியரே. அஃதாவது ஓர் ஆம்பியரில் ஐம்பதில் ஒரு பங்கு. ஒரு சிறு அடையாள விளக்கை எரிக்க இது போதும்.

மறுபுறத்தில் 5 குதிரைச் சக்தி மோட்டாரை எடுத்துக்கொள்வோமாயின், அதற்கு மும்முனையில் 400 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் வேண்டும். முழுச் சுமையில் ஓடும்போது ஒவ்வொரு முனையிலும் ஏறக்குறைய 8 ஆம்பியர் செல்லும். நின்ற நிலையிலிருந்து கிளம்பும் சில விநாடிகளில் அதனினும் ஆறு மடங்கு, அஃதாவது 48 ஆம்பியர் வரை இழுக்கும். சில்லு கொடுக்கும் 20 மில்லி ஆம்பியரோடு இதை ஒப்பிட்டால் 2,000 மடங்குக்கு மேலாகிறது. இவ்விரண்டையும் ஒரு கம்பியால் நேரே இணைத்தால் சில்லு கண்ணிமைக்கும் நேரத்தில் கருகிப்போவதுமன்றி, 5 வோல்ட்டு எனக் கருதி அதைத் தொட்டவர் உயிருக்கும் இறுதி நேரும்.

ஆகவே, சிறு மின்சாரம் பெரு மின்சாரத்தைத் தொடாமலே அதனை ஆளவேண்டும். இவ்விஷயத்தின் சாரம் முழுவதும் இவ்வொரு வாக்கியத்தில் அடங்கும்.

மதகும் ரிலேயும்

லால்பேட்டையில் வெள்ளியங்கால் ஓடைக்கு நீர் விடும் மதகுகளைக் கண்டவர்களுக்கு இதன் தத்துவம் எளிதில் விளங்கும். ஏரி நீரின் பாரத்தைத் தாங்கி நிற்கும் இரும்புக் கதவை ஒரு மனிதர் தம் தோள் வலியால் தூக்க இயலாது. ஆனால் கரையின்மேல் உலர்ந்த இடத்தில் நின்றவண்ணம் அவர் சக்கரத்தைச் சுற்றுகிறார். பற்சக்கரங்களும் திருகுகளும் அவருடைய சிறு வலிமையைப் படிப்படியாகப் பெருக்கிக் கதவை உயர்த்துகின்றன. அவர் காலில் நீர் படுவதில்லை; எனினும் ஏரி அவர் சொற்படி நடக்கிறது.

மின்சாரத்தில் இவ்வேலையைச் செய்வது ரிலே. மெல்லிய மின்னோட்டம் ஒரு கம்பிச்சுருளின் வழியே சென்று அதனைக் காந்தமாக்குகிறது. அக்காந்தம் ஓர் இரும்புத் தகட்டை இழுக்கிறது. அத்தகடு வேறொரு தனி மின்பாதையை இணைக்கிறது. இவ்விரண்டு பாதைகளுக்கும் இடையே கம்பித் தொடர்பு யாதுமில்லை. அமெரிக்க விஞ்ஞானி ஜோஸப் ஹென்றி 1835-ஆம் வருஷத்தை ஒட்டி இத்தத்துவத்தைச் செய்து காட்டினார். பின்னர்த் தந்தித் துறையில், நெடுந்தூரம் வந்து தளர்ந்துபோன மின்னோட்டத்தைக் கொண்டு புதிய பாட்டரியின் வலிய மின்னோட்டத்தை அடுத்த ஊருக்கு அனுப்புவதற்கு இதே உபாயம் கையாளப்பட்டது. இன்று கொடிக்கால் மோட்டாருக்கும் அதுவே பயன்படுகிறது. ஆயினும் சில்லுக்கும் மோட்டாருக்கும் உள்ள வித்தியாசம் மிகப் பெரிதாகையால், ஒரே படியில் ஏற இயலாது. மூன்று படிகள் வேண்டும்.

முதற் படி: டிரான்ஸிஸ்டர்

கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 5 வோல்ட்டு ரிலேயின் சுருளுக்குத் தடை 70 ஓம் அளவில் இருக்கும். அதன் வழியே 70 மில்லி ஆம்பியர் சென்றாலன்றி ரிலே இழுக்காது. சில்லின் காலோ 20 மில்லி ஆம்பியருக்கு மேல் கொடுக்கலாகாது. எனவே ரிலேயைக் காலோடு நேரே சேர்ப்பது தவறு. இடையில் ஒரு டிரான்ஸிஸ்டர் வேண்டும். 2என்2222 அல்லது பிஸி337 போன்றது இதற்குப் போதுமானது. சில்லின் காலிலிருந்து 470 ஓம் தடையின் வழியாக 9 மில்லி ஆம்பியர் அளவில் அதன் பேஸ் முனைக்குச் செலுத்தினால், ரிலேச் சுருளுக்கு வேண்டிய 70 மில்லி ஆம்பியரை அது எளிதில் திறந்துவிடும்.

இவ்விடத்தில் இரண்டு சிறு பொருள்களை மறத்தலாகாது. முதலாவது, சுருளின் இரு முனைகளுக்கும் குறுக்கே எதிர்த்திசையில் வைக்கவேண்டிய டயோடு. ஓடிக்கொண்டிருக்கும் மின்னோட்டம் திடீரெனத் தடைப்படும்போது காந்தத்தில் அடங்கிய சக்தி போக்கிடமின்றி, நூற்றுக்கணக்கான வோல்ட்டு அழுத்தமாகப் பொங்கி டிரான்ஸிஸ்டரைக் கொன்றுவிடும். 1என்4007 என்னும் டயோடு ஒன்று அச்சக்தி சுருளுக்குள்ளேயே சுழன்று அடங்க வழிசெய்கிறது. இரண்டாவது, பேஸ் முனைக்கும் தரைக்கம்பிக்கும் இடையே 10,000 ஓம் தடை. மின்சாரம் வந்தவுடன் சில்லு தன் நினைவுக்கு வரச் சிறிது நேரமாகும். அந்நேரத்தில் அதன் கால்கள் இன்னதென்றில்லாத நிலையில் நிற்கும். மேற்படி தடை இல்லாவிடில், கட்டளையின்றியே ரிலே துடித்து மோட்டாரைக் கிளப்பிவிடக் கூடும்.

கடையில் பலகையாகவே விற்கும் ரிலேக்களில் பல, கால் தாழ்ந்த நிலையில் இழுப்பவையாகவும், உயர்ந்த நிலையில் விடுபவையாகவும் இருக்கின்றன. வாங்குவோர் இதை விசாரித்தறிந்து அதற்கேற்பக் கட்டளையை எழுதவேண்டும். தவறினால், நிறுத்தச் சொல்லும்போது ஓட்டும்; ஓட்டச் சொல்லும்போது நிறுத்தும்.

இரண்டாம் படி: ரிலே

ரிலேயின்மேல் '10 ஆம்பியர், 250 வோல்ட்டு' என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு, '1 குதிரைச் சக்தி வீட்டு மோட்டாருக்கு 7 ஆம்பியர்தானே' என எண்ணி அதன் வழியாகவே மோட்டாரை இணைப்பவர் உண்டு. இது பிழை. அவ்வளவு, விளக்கு, அடுப்பு போன்ற அமைதியான சுமைகளுக்குக் கூறப்பட்டது. மோட்டாரோ கிளம்பும்போது பல மடங்கு இழுக்கிறது. நிற்கும்போது தீப்பொறியை எழுப்புகிறது. சில நாட்களில் ரிலேயின் சிறு வெள்ளிப் பொட்டுகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பின்னர்ச் சில்லு எத்தனை முறை 'நில்' என்றாலும் மோட்டார் நிற்காது. கொடிக்காலில் நீர் விடியுமட்டும் பாய்ந்து தேங்கிவிடும்.

ஆகையால் ரிலேக்கு உரிய வேலை மோட்டாரை ஓட்டுவதன்று. மோட்டாரை ஓட்டும் காண்டாக்டருக்கு ஆணையிடுவதே.

மூன்றாம் படி: காண்டாக்டர்

காண்டாக்டர் என்பது பெரிய உருவத்து ரிலே. பம்புசெட்டு அறையில் சுவரில் மாட்டியிருக்கும் ஸ்டார்ட்டருக்குள் இருப்பது இதுவேயாகும். பச்சைப் பொத்தானை அழுத்தும்போது இதன் சுருள் காந்தமாகி மூன்று முனைகளையும் ஒருங்கே இணைக்கிறது. சிவப்புப் பொத்தானை அழுத்தினாலும், மின்சாரம் நின்றாலும், ஓவர்லோடு ரிலே விழுந்தாலும் சுருள் காந்தத்தை இழக்க, மூன்று முனைகளும் ஒருங்கே பிரிகின்றன. இச்சுருளைக் குடியானவர்களும் மின் பணியாளர்களும் நோவோல்ட் காயில் என வழங்குவர். இது இழுக்கும் கணத்தில் ஏறக்குறைய 70 வோல்ட்-ஆம்பியரும், இழுத்தபின் பிடித்திருக்க 10 வோல்ட்-ஆம்பியரும் கொள்ளும். இவ்வளவு சிறு சுமையைச் சிறு ரிலே எளிதில் தாங்கும்.

ஆயின் இங்கேதான் எல்லாவற்றினும் கொடிய கண்ணி இருக்கிறது. கிணற்றடிக்கு மூன்று முனைக் கம்பிகள் மட்டுமே வந்து, நியூட்ரல் வராத இடங்கள் பல. அதற்கேற்பப் பாசன ஸ்டார்ட்டர்களில் பலவற்றின் நோவோல்ட் காயில், இரண்டு முனைகளுக்கு இடையே 415 வோல்ட்டில் வேலை செய்யுமாறு சுற்றப்பட்டிருக்கிறது. சிறு ரிலேயோ 250 வோல்ட்டுக்கே தகுதி பெற்றது. இதனை அறியாமல் ரிலேயை அக்காயிலோடு தொடுத்தால், தொடக்கத்தில் நன்றாகவே ஓடும். ஒரு வாரமோ ஒரு மாதமோ குறை தெரியாது. பின்னர் ஒருநாள் பொட்டுகள் பிரியும்போது எழும் தீப்பொறி அணையாமல் நின்று, பொட்டுகளை ஒட்டச் செய்யும். அல்லது பலகையின்மேல் தாவிச் சில்லின் பக்கத்திற்கு 415 வோல்ட்டைக் கொண்டுவந்து சேர்க்கும். ஓடியதென்பதே சரியானதென்பதற்குச் சாட்சியாகாது.

ஆகையால் கருவியைப் பொருத்துமுன் காயிலின்மேல் எழுதியுள்ள வோல்ட்டைப் படித்தல் முதற்கடமை. 415 என்றிருந்தால் இரண்டு வழிகள் உண்டு. சிறந்த வழி, 415 வோல்ட்டை 24 வோல்ட்டாக இறக்கும் 100 வோல்ட்-ஆம்பியர் டிரான்ஸ்பார்மர் ஒன்றை வைத்து, காயிலையும் அந்த ஸ்டார்ட்டருக்கென்று செய்யப்பட்ட 24 வோல்ட்டுக் காயிலாக மாற்றிக்கொள்வது. அப்பொழுது ரிலேயின் வழியே செல்வது 24 வோல்ட்டே. பொத்தான்களிலும் மிதவை ஸ்விட்சுக்குச் செல்லும் நீண்ட கம்பிகளிலும்கூட அபாயமான அழுத்தம் இராது. மற்ற வழி, மின்வாரியத்தார் கொடுத்த நியூட்ரல் கம்பி முறைப்படி வந்துள்ள இடங்களில் 230 வோல்ட்டுக் காயிலை உபயோகிப்பது. நியூட்ரல் இல்லையென்று எர்த்துக் குழாயையே நியூட்ரலாக உபயோகிப்பது எக்காரணத்தாலும் கூடாது. எர்த்து தளர்ந்துபோனால் மோட்டாரின் உடலும் குழாயும் மின்சாரம் பாய்ந்தவையாகி, குளிக்க வந்த குழந்தையும் நீர் குடிக்க வந்த மாடும் பலியாகக் கூடும்.

காயில் துண்டிக்கப்படும்போது எழும் பொறியைத் தணிக்க, 230 வோல்ட்டுக் காயிலுக்குக் குறுக்கே 100 ஓம் தடையும் 0.1 மைக்ரோபாரட் கொண்ட, மின்பாதைக்கென்றே தகுதி பெற்ற கப்பாஸிட்டரும் தொடராக வைப்பது நலம். இதனால் ரிலேயின் ஆயுள் நீடிப்பதோடு, பொறியின் அதிர்ச்சியால் சில்லு தன் கட்டளையை மறந்து மீண்டும் முதலிலிருந்து தொடங்கும் தொல்லையும் குறையும்.

அசையும் உறுப்பின்றி வேலை செய்யும் ஸாலிட் ஸ்டேட் ரிலேக்களும் விற்கப்படுகின்றன. இவற்றில் பொறியில்லை, ஓசையில்லை. ஆனால் ஓடும் ஒவ்வோர் ஆம்பியருக்கும் ஏறக்குறைய ஒரு வாட்டு வெப்பம் பிறப்பதால் உலோக விசிறித்தகடு வேண்டும்; நிறுத்திய நிலையிலும் சிறிது மின்சாரம் கசியும்; கெடும்போது பெரும்பாலும் இணைந்த நிலையிலேயே கெடும். மோட்டாரை நிறுத்த முடியாமற் போவதே கிணற்றடியில் பெரிய தீங்காகையால், கிராமப் பம்புசெட்டுக்குக் காண்டாக்டரே தக்கது.

இரு பக்கங்களையும் பிரித்து வைத்தல்

ரிலே இருந்தால் மட்டும் பிரிவு உண்டாகிவிடாது. 5 வோல்ட்டுக் கம்பிகளும் பெரு மின்சாரக் கம்பிகளும் ஒரே துளையில் நுழைந்து ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தால், எலி கடித்த ஓரிடம் போதும், பிரிவெல்லாம் பாழாகும். பெட்டிக்குள் இரு பக்கங்களும் தனித்தனி அறைகளாக இருக்கவேண்டும். பலகையின்மேல் இரு பக்கங்களுக்கும் இடையே குறைந்தது 8 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். வீராணம் ஏரியை ஒட்டிய ஈரக்காற்றில், தூசியும் பூச்சியும் படிந்த பலகையில் அதற்குக் குறைந்த இடைவெளியை நம்புதல் தகாது.

சில்லுக்கு 5 வோல்ட்டு எங்கிருந்து வருகிறதென்பதையும் பார்க்கவேண்டும். விலைமலிவைக் கருதி, டிரான்ஸ்பார்மர் இன்றிக் கப்பாஸிட்டரின் வழியாகவே 230 வோல்ட்டை இறக்கும் சிறு பலகைகள் உள்ளன. இவற்றில் 5 வோல்ட்டுக் கம்பியும் பெரு மின்சாரத்தோடு நேர்த் தொடர்புடையது, தொட்டால் கொல்லும். இவற்றை விலக்கி, இரு சுற்றுக்களும் பிரிக்கப்பட்ட நல்ல டிரான்ஸ்பார்மரையோ அடாப்டரையோ உபயோகிக்கவேண்டும்.

கருவி தவறும்போது மோட்டார் நிற்க வேண்டும்

எந்தக் கருவியும் ஒருநாள் தவறும். தவறும்போது எந்தப் பக்கம் விழுகிறது என்பதே கேள்வி. பச்சைப் பொத்தானுக்கு இணையாக ஒரு ரிலேயும், சிவப்புப் பொத்தானுக்குத் தொடராக மற்றொரு ரிலேயும் வைத்து, ஒரு விநாடி தட்டி ஓட்டுவதும் ஒரு விநாடி தட்டி நிறுத்துவதும் ஒரு முறை. இதில், ஓட்டிய பிறகு சில்லு செயலற்றுப் போனால் மோட்டார் கேட்பாரின்றி ஓடிக்கொண்டேயிருக்கும். இதனினும் சிறந்தது, சில்லு 'ஓடு' என்று பிடித்திருக்குமளவும் ரிலே இணைந்திருந்து, பிடி விட்டவுடன் காயிலின் பாதை அறுமாறு அமைப்பது. சில்லு இறந்தாலும், 5 வோல்ட்டு அற்றாலும், கம்பி அறுந்தாலும் மோட்டார் நிற்கும். மேலும் சில்லுக்குள் 'வாட்ச்டாக்' எனப்படும் காவல் கடிகாரம் ஒன்று உண்டு. கட்டளை எங்கேனும் சிக்கி நின்றுவிட்டால் அது சில்லைத் தட்டியெழுப்பும். அதனை உபயோகிக்காமல் விடலாகாது.

எவ்வாறு அமைத்தாலும் ஸ்டார்ட்டரிலுள்ள ஓவர்லோடு ரிலேயும் சிவப்புப் பொத்தானும் சில்லைக் கடந்து நேரே காயிலை அறுக்கும்படியே இருக்கவேண்டும். அவற்றைச் சில்லின் அதிகாரத்துக்கு உட்படுத்துவது, மதகின் சாவியை உறங்குபவர் கையில் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

மூன்று முனையும் நீரும் சோதித்தல்

மனிதர் ஸ்டார்ட்டரண்டை நிற்கும்போது, மோட்டாரின் உறுமலைக் கேட்டே ஏதோ குறை என்று உணர்ந்து உடனே நிறுத்துவார். வீட்டிலிருந்து ஓட்டும்போது அக்காதும் கண்ணும் இல்லை. அவற்றுக்கு ஈடாகக் கருவி மூன்றைக் கவனிக்கவேண்டும்.

முதலாவது, மூன்று முனைகளிலும் மின்சாரம் உள்ளதா என்பது. ஒரு பியூஸ் போய் இரண்டு முனைகள் மட்டும் இருக்கும்போது மோட்டார் கிளம்ப இயலாமல் உறுமி, சிறிது நேரத்தில் சுற்றுக் கருகும். இரண்டு முனைகளில் விளக்கு எரிவதால் சில்லும் உயிரோடிருக்கும். மின்சாரம் வந்துவிட்டதென்று ஏமாந்து மோட்டாரை ஓட்டவும் துணியும். ஆகவே மூன்றையும் தனித்தனியே, ஒளியால் செய்தி கடத்தும் ஆப்டோகப்ளரின் வழியாகச் சோதித்த பின்னரே ஓட்டவேண்டும்.

இரண்டாவது, மோட்டார் உண்மையில் ஓடுகிறதா என்பது. 'ஓடு' என்று கட்டளையிட்டது வேறு, ஓடியது வேறு. மோட்டாருக்குச் செல்லும் ஒரு கம்பியைச் சுற்றி ஒரு சிறு கரண்டு டிரான்ஸ்பார்மரை மாட்டினால், கம்பியைத் தொடாமலே மின்னோட்டத்தின் அளவைச் சில்லு அறியும். நிறுத்தச் சொல்லியும் மின்னோட்டம் இருந்தால் காண்டாக்டர் ஒட்டிக்கொண்டதென்று தெரிந்து, உடையவருக்குச் செய்தி அனுப்பலாம்.

மூன்றாவது, நீர் வருகிறதா என்பது. நீர்மட்டம் இறங்கிப் பம்பு வெறுமையாகச் சுழன்றால் மின்னோட்டம் வழக்கத்தைவிடக் குறையும். ஆழ்குழாய்க்குள் மூழ்கிய மோட்டாரைச் சுற்றியுள்ள நீரே குளிர்விப்பதாகையால், நீரின்றி ஓடுவது அதற்கு நஞ்சு. மேற்படி கரண்டு டிரான்ஸ்பார்மரே இதையும் உணர்த்தும்.

மின்சாரம் திரும்பி வரும்போது

நின்ற மின்சாரம் திரும்பியவுடன் மோட்டார் தானே கிளம்பவேண்டுமென்று விரும்புவது இயல்பு. ஆனால் ஊரிலுள்ளோர் யாவரும் அவ்வாறே அமைத்தால் நேர்வது யாதெனில்: 100 கேவிஏ டிரான்ஸ்பார்மர் ஒன்றின் முழுத் தகுதி ஒவ்வொரு முனையிலும் ஏறக்குறைய 133 ஆம்பியர். அதில் 5 குதிரைச் சக்தி மோட்டார்கள் 15 இருந்தால், அவை ஓடும்போது 120 ஆம்பியர். இது தகுதிக்கு உட்பட்டதே. அவை பதினைந்தும் ஒரே விநாடியில் கிளம்பினால் 720 ஆம்பியர். அழுத்தம் தாழ்ந்து, எந்த மோட்டாரும் சரிவரக் கிளம்பாமல் யாவும் உறுமும். டிரான்ஸ்பார்மரின் பியூஸ் போகும். பின்னர் ஒருவருக்கும் நீரில்லை. ஆகையால் ஒவ்வொரு கருவியும் மின்சாரம் வந்தபின் இரண்டு முதல் பத்து நிமிஷம் வரை, அயலாரிடமிருந்து வேறுபட்ட காலம் காத்திருந்து கிளம்புமாறு கட்டளை எழுதவேண்டும். வாய்க்கால் நீரை முறை வைத்துப் பங்கிடும் வழக்கமுள்ள ஊராருக்கு இம்முறை புதிதன்று. நின்ற மோட்டாரை உடனே மீண்டும் கிளப்பாமல் சில நிமிஷம் ஓய்வு கொடுப்பதால் சுற்றின் வெப்பமும் ஆறும்.

மனிதருக்குக் காப்பு

தானாக இயங்கும் மோட்டாரின் தனி அபாயம் ஒன்று உண்டு. ஒருவர் கிணற்றடியில் குழாயைக் கழற்றிக்கொண்டிருக்கையில், மற்றொருவர் சிதம்பரத்துக் கடைவீதியிலிருந்து கைபேசியால் மோட்டாரை ஓட்டிவிடலாம். அல்லது யாரும் ஓட்டாமலே கடிகாரம் ஓட்டிவிடலாம். இதைத் தடுக்க, 'கைமுறை', 'நிறுத்தம்', 'தானியங்கி' என்ற மூன்று நிலைகளுள்ள திருகு ஸ்விட்சு ஒன்றை ஸ்டார்ட்டரின் அருகிலேயே வைக்கவேண்டும். அதுவும் போதாது. காண்டாக்டர் பிரிந்திருக்கும்போதும் ஸ்டார்ட்டர் வரையில் மூன்று முனைகளும் உயிரோடிருக்கின்றன. ஆகவே மோட்டாரிலோ ஸ்டார்ட்டரிலோ கை வைக்குமுன் மெயின் ஸ்விட்சைத் திறந்து, பியூஸ் கட்டைகள் மூன்றையும் பிடுங்கித் தம் மடியிலேயே வைத்துக்கொள்ளவேண்டும். 'இம்மோட்டார் தானாக ஓடும்' என்று பெரிய எழுத்தில் எழுதிய பலகை ஒன்று கிணற்றடியில் தொங்குவது நலம்.

மோட்டாரின் உடல், ஸ்டார்ட்டரின் பெட்டி, இரும்புக் குழாய் ஆகிய யாவும் நல்ல எர்த்தோடு இணைக்கப்பட்டிருக்கவேண்டும். கட்டுப்பாட்டுப் பெட்டியின் மின்பாதைக்கு, 30 மில்லி ஆம்பியர் கசிந்தவுடன் துண்டிக்கும் கசிவுக் காப்பு ஸ்விட்சு வைத்தால் இன்னும் நல்லது. சில்லின் பக்கத்தைக் கிராமத்து இளைஞரே செய்யலாம். அதில் பிழை நேர்ந்தால் சில நூறு ரூபாய்தான் நஷ்டம். ஸ்டார்ட்டரின் பக்கத்தை மட்டும் லைசென்ஸு பெற்ற மின் பணியாளரே தொடவேண்டும்.

நினைவில் வைக்கவேண்டியவை

1. சில்லின் காலோடு ரிலேயை நேரே இணைக்கலாகாது. இடையில் டிரான்ஸிஸ்டரும், சுருளுக்குக் குறுக்கே டயோடும் வேண்டும்.

2. ரிலே காண்டாக்டருக்கே ஆணையிடவேண்டும். மோட்டாரின் மின்னோட்டம் ரிலேயின் வழியே செல்லலாகாது.

3. நோவோல்ட் காயிலின் வோல்ட்டைப் படித்தறியாமல் கருவியைப் பொருத்தலாகாது. 415 வோல்ட்டுக் காயிலோடு 250 வோல்ட்டு ரிலேயைச் சேர்ப்பது அபாயம்.

4. எர்த்தை நியூட்ரலாக உபயோகிக்கலாகாது.

5. கருவி கெட்டால் மோட்டார் நிற்குமாறு அமைக்கவேண்டும். ஓவர்லோடு ரிலேயும் சிவப்புப் பொத்தானும் சில்லைச் சாராமல் வேலை செய்யவேண்டும்.

6. மூன்று முனைகளும் இருப்பதை அறிந்து, அயலாரோடு ஒரே கணத்தில் கிளம்பாமல், சிறிது காத்தே ஓட்டவேண்டும்.

7. பழுது பார்க்குமுன் பியூஸ் கட்டைகளைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொள்ளவேண்டும்.

இவற்றைக் கடைப்பிடித்து அமைக்கப்பெற்ற கருவி, கொடிக்காலுக்கு வேண்டிய வேளையில் வேண்டிய அளவு நீரைக் கொடுக்கும். வீணாகும் நீரும் மின்சாரமும் மிஞ்சும். இரவில் ஈர வரப்பில் நடக்கவேண்டிய அவசியமும் ஒழியும். கடைப்பிடியாமல் அவசரத்தில் கட்டிய கருவியோ, பாம்பிற்கஞ்சி வீட்டில் இருந்தவரை மறுநாட்காலை கிணற்றடியிலேயே மடிவிக்கக் கூடும். இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள செலவின் வித்தியாசம் ஒரு டிரான்ஸ்பார்மரும் ஒரு காயிலுமேயாகும்.